பல்லில் தண்ணீர் படக்கூடாதா? வேலூர்ப் பக்கத்து இதய டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இதய சிகிச்சை பார்க்கும் டாக்டர்களுக்கும், இதய ரத்தக் குழாய்ச் சிகிச்சை அறையான கேத் லேபிலும் வார்டிலும் ராப்பகலாக நிற்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

நான் குடியாத்தத்துக்காரி. நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். என் நைனாவுக்கு வயது 71. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், இந்த மடலிலும் அப்படியே எழுதுகிறேன். ஐம்பது வருஷம் லுங்கித் தறியில் உட்கார்ந்தவர். 14 வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் கெங்கையம்மன் சிரசு திருவிழா முடிந்த மறு வாரம், அக்கினி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட்டை நல்லபடியாக வைத்து அனுப்பினார்கள். இன்றைக்குத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நெய்வதற்கான நூலைத் தாரில் சுற்றுகிறார். அதற்காக அங்கிருந்த டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்த வரையில், பல இடங்களிலும் இதே பழக்கம்தான் என்கிறார்கள்.

நான் எழுத வந்தது ஒரே ஒரு பேச்சைப் பற்றி.

"பத்து மணிக்கு மேல எதுவும் கூடாது. பச்சைத் தண்ணிகூட பல்லுல படக்கூடாது."

புதன்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு சிஸ்டர் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக் குழாயில் டை மருந்தைச் செலுத்தி அடைப்பைப் பார்க்கும் சோதனை, என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையில் சின்ன அட்டாக் என்று தெரிந்திருந்தது. வலி நின்றுவிட்டது, ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டிருந்தார்கள். நைனா ஏழு மணிக்கே ஒன்றரை இட்லி சாப்பிட்டு முடித்திருந்தார். பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அப்புறம் பாட்டிலை நானே எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

காலையில் ஆறு மணிக்கு மாத்திரை கொடுத்தார்கள். "ஒரு மடக்குத் தண்ணியோட போடுங்க" என்றார்கள். வீட்டு மாத்திரை எதைப் போடுவது, எதை நிறுத்துவது என்று நான் கேட்டேன். ஷிப்ட் மாறுகிற நேரம். "எல்லாம் போடச் சொல்லுங்க" என்று யாரோ சொன்னார்கள். அதில் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. சாப்பாடு இல்லாத வயிற்றில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பாடம் நடத்துகிறவள்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் போனால் நமக்குத் தெரிந்ததும் மறந்துபோகிறது.

ஒன்பது மணி ஆயிற்று. ஒன்பதரைக்கு ஸ்ட்ரெச்சரில் ஒரு பையனைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பெரிய அட்டாக். அவனை முதலில் பார்க்கத்தான் வேண்டும், அதில் யாருக்கும் இரண்டாம் பேச்சு இல்லை. நைனாவே கையைக் கூப்பி, "அந்தப் பிள்ளையைப் பாருங்க மொதல்ல" என்றார். பதினொரு மணிக்கு இன்னொரு அவசர கேஸ். ஒரு மணிக்குக் கேட்டேன். "அடுத்து நீங்கதான்" என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் சாம்பார் சாதத் தட்டைத் திறந்தார்கள். நைனா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவருடைய உதடு வெள்ளை பூத்திருந்தது. பசியைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தறிக்காரர்களுக்குப் பசி புதுசில்லை. தண்ணீரைத்தான் கேட்டார். அதையும் நேராகக் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலைப் பார்த்து, "ம்மா, அந்த மூடி இருக்குல்ல, மூடி. அதுல ஒரு மூடி ஊத்திக் குடு. முழுங்க மாட்டேன். நாக்கை நனைச்சிட்டுத் துப்பிடறேன்" என்றார். நான் முடியாது என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ நைனா, குடிச்சா ஆபரேஷன் பண்ண மாட்டாங்க" என்றேன். கைக்குட்டை முனையை நனைத்து உதட்டில் ஒற்றினேன். அவர் அந்தத் துணியைப் பல்லால் கவ்வி உறிஞ்சப் பார்த்தார். பிடுங்கிக்கொண்டேன்.

இரண்டே முக்காலுக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஜில்லென்று வேர்வை. கை நடுங்கியது. நான் கத்தினேன். மறுபடியும் அட்டாக் என்று நினைத்து ஓடிவந்து இசிஜி எடுத்தார்கள். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பெண், பயிற்சிக்கு வந்த சிஸ்டராக இருக்கவேண்டும், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தது. 52, ரொம்ப இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடினார்கள். காலையில் பளிச்சென்று தெரிந்த நரம்பு அப்போது எங்கே என்று தெரியவில்லை. மூன்று இடத்தில் குத்தி நான்காவதில் கிடைத்தது.

மாலை ஐந்தே காலுக்கு அவரை உள்ளே அழைத்துப்போனார்கள். கடைசியாகச் சாப்பிட்டு 22 மணி நேரம். கடைசி டம்ளர் தண்ணீர் குடித்து 19 மணி நேரம். மணிக்கட்டு வழியாகவே எல்லாவற்றையும் செய்தார்கள். மரத்துப்போகிற ஊசி மட்டும்தான். முழுக்க விழிப்போடு இருந்தாராம், டாக்டரோடு பேசிக்கொண்டே இருந்தாராம். வெளியே கொண்டுவந்து கட்டிலில் போட்டதும் சிஸ்டர் சொன்ன முதல் வார்த்தை: "தாத்தா, நிறைய தண்ணி குடிங்க. உள்ள போட்ட டை மருந்து யூரின்ல வெளிய போகணும்."

அந்தப் பாட்டிலைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது எனக்குக் கை நடுங்கியது. சிறுநீரகத்துக்குத் தண்ணீர் அவ்வளவு முக்கியம் என்றால், டை போவதற்கு முன்னால் 19 மணி நேரம் இந்த மனிதனை ஏன் காயப்போட்டோம்? வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். என்னைப் போன்ற வீட்டுக்காரர்களுக்காக இங்கே எழுதுகிறேன். 1946-ல் மெண்டல்சன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 44,016 பிரசவங்களைப் பார்த்ததில், 66 பெண்களுக்கு மயக்கத்தில் இருந்தபோது வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. சாப்பிட்ட கெட்டியான உணவு மூச்சுக்குழாயை அடைத்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்தக் காலத்தில் முகமூடி வைத்து வாயு மயக்கம் கொடுப்பார்கள், தொண்டையில் குழாய் போட்டு மூச்சுக்குழாயைக் காக்கும் வழக்கம் பிரசவத்தில் கிடையாது. பயம் நியாயமானது. அந்தப் பயத்திலிருந்துதான், ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு என்கிற விதி உறுதிப்பட்டது. முந்தின ராத்திரியிலிருந்தே எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டால் யாரும் மணிக்கணக்குப் பார்க்கவேண்டியதில்லை. அந்த வசதிக்காகவே அது நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் மயக்க மருந்து டாக்டர்களே இந்த விதியை எப்போதோ தளர்த்திவிட்டார்கள். 1999-ல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டது. லேசான உணவு என்றால் 6 மணி நேரம் முன்புவரை. தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் என்றால் 2 மணி நேரம் முன்புவரை. இது முழு மயக்கம் கொடுக்கிற ஆபரேஷனுக்கும் சேர்த்துச் சொன்னது. பால் இல்லாத கடுங்காப்பிகூடத் தெளிந்த திரவத்தில் சேரும். நம் ஊர் டீயில் பால் இருப்பதால் அது சேராது. இந்தக் கணக்கை ஒன்பது மணி ஆஞ்சியோவுக்குப் போட்டுப் பார்த்தால், காலை ஏழு மணி வரை நைனா தண்ணீர் குடித்திருக்கலாம். ஆஞ்சியோ ஐந்து மணிக்குத் தள்ளிப்போனது என்றால் மூன்று மணி வரை குடித்திருக்கலாம். அந்த ஒரு மூடித் தண்ணீரை நான் கொடுத்திருக்கலாம்.

ஆஞ்சியோவுக்கு முழு மயக்கமே கிடையாது. மணிக்கட்டிலோ தொடையிலோ மரத்துப்போக ஊசி, வேண்டுமானால் பதற்றம் தணிக்க லேசாக ஏதோ ஒரு மருந்து. இருமல் வந்தால் இருமுகிற, கூப்பிட்டால் பதில் சொல்கிற ஆளுக்கு முழு மயக்கத்து விதியைப் போடுகிறோம். பழைய டை மருந்துகள் வாந்தியை அதிகம் கிளப்பும், அதனால் அப்போது வெறும் வயிறு தேவைப்பட்டது என்று படித்தேன். இப்போதைய டை மருந்துகள் அவ்வளவு உக்கிரமானவை இல்லை. ஸ்டென்ட் வைக்கும்போது ரத்தக் குழாய் கிழிந்தால் உடனே பைபாஸ் ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருக்குமே என்பது இன்னொரு காரணம். அதுவும் இப்போது மிக அபூர்வம்.

சரி, சாப்பிட்டுவிட்டே வந்தால் என்ன ஆகும் என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா? பார்த்திருக்கிறார்கள். 2020-ல் அமெரிக்காவில் 599 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பட்டினி போடாதவர்களுக்குப் பட்டினி போட்டவர்களைவிடக் கெடுதல் எதுவும் கூடுதலாக வரவில்லை. அதைவிட என் மனதில் நின்றது ஆஸ்திரேலியாவில் நடந்த ஸ்காஃப் ஆய்வு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 716 பேர். ஆஞ்சியோ, ஸ்டென்ட், பேஸ்மேக்கர் மாதிரியான கருவி வைப்பது, எல்லாம் லேசான மயக்கத்தில். பாதிப் பேருக்கு 6 மணி நேரம் உணவு இல்லை, 2 மணி நேரம் தண்ணீர் இல்லை. மீதிப் பேர் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். ரத்த அழுத்தம் இறங்குவது, சர்க்கரை ஏறுவது, சர்க்கரை இறங்குவது, நுரையீரலுக்குள் உணவு போய் நிமோனியா வருவது, இந்த நான்கையும் சேர்த்து எண்ணினார்கள். பட்டினி இருந்தவர்களில் 19.1 சதவீதம். சாப்பிட்டவர்களில் 12.0 சதவீதம். சாப்பிட்டவர்கள் மனதளவிலும் நிம்மதியாக இருந்தார்கள். 2024-ல் லண்டனில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் இதை அறிவித்தார்கள்.

இந்த எண்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்று. அங்கே பட்டினி போட்டவர்களுக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் உண்டு. அதுதான் அவர்களுடைய கண்டிப்பான முறை. என் நைனா கிடந்த கிடைக்குப் பக்கத்தில் அது விருந்து.

அவசரம் என்பதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ரத்தக் குழாய் முழுசாக அடைத்து நெஞ்சைப் பிளக்கிற வலியோடு வருகிற ஆளை நீங்கள் எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டுக் காத்திருக்க வைப்பதில்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டதிலிருந்து 90 நிமிஷத்துக்குள் குழாயைத் திறக்கப் பார்க்கிறீர்கள். அங்கே வயிறு நிறைந்திருக்கிறதா காலியா என்பது பேச்சே இல்லை. அதே கேத் லேப், அதே மேஜை, அதே ஊசி. பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவரும் அதில்தான் படுக்கிறார், பிழைத்தும் எழுகிறார். இன்னொரு பக்கம், வீட்டிலிருந்து நாள் குறித்து வருகிறவர். காலையில் வருகிறார், மத்தியானத்துக்குள் முடிகிறது, பட்டினி கொஞ்சத்தோடு போகிறது.

நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. சின்ன அட்டாக் வந்து வார்டில் கிடக்கிறவர்கள். அவசரம்தான், ஆனால் இந்த நிமிஷத்து அவசரம் இல்லை. ஒவ்வொரு பெரிய கேஸ் வரும்போதும் இவர்கள் ஓர் இடம் பின்னால் தள்ளப்படுவார்கள். தள்ளுவது தப்பில்லை. தள்ளும்போது சாப்பாட்டுக் கணக்கை யாரும் திருப்பி எழுதுவதில்லை, அதுதான் தப்பு. இவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள், சிறுநீரகம் சுமாராக இருப்பவர்கள். பட்டினியின் முழுச் சுமையும் யாரால் தாங்க முடியாதோ அவர்கள் தலையில் போய் விழுகிறது. சில சமயம் சாயங்காலம் வரை காக்கவைத்து, "இன்னைக்கு லிஸ்ட் முடிஞ்சிருச்சு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி, ராத்திரி பத்து மணிக்கு மறுபடியும் அதே பேச்சு. இப்படி இரண்டு நாள் கிடந்தவர்களின் வீட்டுக்காரர்களை நான் அந்த வராண்டாவில் பார்த்தேன்.

எங்கள் ஜனங்களுக்கு விரதம் பழக்கம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்கள் பட்டினி கிடப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் ரம்ஜான் மாதம் முழுக்க நோன்பு, கோடையில் வந்தாலும் பகலெல்லாம் சொட்டுத் தண்ணீர்கூடத் தொடாத அளவுக்குக் கட்டுப்பாடு. லங்கணம் பரம ஔஷதம், பட்டினியே பெரிய மருந்து என்று கிழவிகள் சொல்வார்கள். ஆனால் நோன்பாளி விடியுமுன் சஹருக்கு எழுந்து சாப்பிடுகிறார், நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்கு எத்தனை மணிக்கு என்று நிமிஷக் கணக்காகத் தெரிந்து வைத்திருக்கிறார். கிருத்திகை விரதத்துக்கும் பூஜை முடிகிற நேரம் உண்டு. கட்டிலில் கிடந்த நைனாவுக்கு முடிகிற நேரம் எது என்று யாருமே சொல்லவில்லை. பசியைவிட அதுதான் அவரை அலைக்கழித்தது.

இந்தப் பழக்கத்தால்தான் நீங்கள் ஒரு மடங்கு சொன்னால் நாங்கள் இரண்டு மடங்காகக் கடைப்பிடிக்கிறோம். பத்து மணிக்கு மேல் கூடாது என்றால், எதற்கு வம்பு என்று எட்டு மணிக்கே நிறுத்திவிடுகிறோம். மாத்திரை போட்டால் தண்ணீர் குடிக்கவேண்டுமே என்று பிரஷர் மாத்திரையையும், ஸ்டென்ட் அடைக்காமலிருக்கக் கொடுத்த மாத்திரையையும் விட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. பக்கத்துக் கட்டிலில் மேற்கு வங்காளத்து ஆசன்சோலிலிருந்து வந்த ஓர் அம்மா. மகன் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, லாட்ஜில் ரூம் போட்டு, வந்து சேர்த்திருந்தான். சிஸ்டர் தமிழில் சொன்னதில் அவனுக்குப் புரிந்தது "தண்ணி" "கூடாது" என்ற இரண்டு சொல்தான். எப்போதிலிருந்து என்பது புரியவில்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே அந்த அம்மாவுக்கு ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டபோதுதான் அது வெளியே வந்தது. வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் எத்தனை ஜனம் வைத்தியத்துக்கு வருகிறது! டீக்கடைகூடப் பலகையில் வங்காளி எழுதி வைத்திருக்கிறது. சாப்பாட்டு விதி மட்டும் வாய்ப் பேச்சாகவே இருக்கிறது.

இந்த விதி ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி ஊருக்குள்ளும் வந்துவிட்டது. அதன் விலையை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சு இறுக்கியது, இடது கை இழுத்தது. முதலில் வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறமும் வலி விடவில்லை. வேலூருக்கு வண்டி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது அவருடைய மச்சான் சொன்னாராம்: "சாப்பிட்ட வயிறு. இப்பப் போனா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. காலைல வெறும் வயித்தோட போவோம்." எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கிறது. போய்ச் சேர்ந்தபோது காலை ஆறரை மணி. உயிர் தங்கியது. இதயத்தின் பாதி தங்கவில்லை. இப்போது மாடிப்படி ஏற நடுவில் இரண்டு தரம் உட்காருகிறார். அந்த மச்சான் கெட்டவர் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் நாம் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் ஒழுங்காகப் படித்திருந்தார், அவ்வளவுதான்.

அதனால் இதை நீங்கள்தான் உரக்கச் சொல்லவேண்டும். நெஞ்சு வலிக்கு வயிற்றுக் கணக்குக் கிடையாது. சாப்பிட்டிருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், போனதும் எப்போது என்ன சாப்பிட்டோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள், மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார். நான் சொன்னால் தெருவில் நாலு பேர் கேட்பார்கள். வெள்ளைக் கோட்டோடு நீங்கள் சொன்னால் ஊரே கேட்கும். 2023-லிருந்து தமிழ்நாட்டில் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை மொத்தமாகக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கை நிறைய மாத்திரை. அதை எதைக் கொண்டு விழுங்குவது? தண்ணீர்தான். அட்டாக்கோடு வருகிறவருக்கு அரசாங்கமே தண்ணீர் கொடுத்து மாத்திரை போடச் சொல்லும்போது, வலி அடங்கி வார்டில் படுத்திருப்பவருக்கு ஏன் ஒரு மூடி கிடையாது?

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் மறக்கவில்லை. தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கிற எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கு வெறும் வயிறு வேண்டும். பைபாஸுக்கும், முழு மயக்கத்தில் வால்வு மாற்றுவதற்கும் வேண்டும். துடிப்பைச் சரிசெய்ய ஷாக் கொடுக்கும்போது ஆழமாக மயக்குவதால் அதற்கும் வேண்டும். வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பவர், நினைவு தடுமாறுபவர், குழந்தைகள், இவர்கள் எல்லாம் வேறு கணக்கு. மேஜையில் மல்லாந்து படுத்திருக்கும் ஆள் வாந்தி எடுத்தால் முதலில் கஷ்டப்படுவது நீங்கள்தான் என்பதும் புரிகிறது. பத்துப் படுக்கைக்கு ஒரு சிஸ்டர் நிற்கிற இடத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் சொல்வது லேசு இல்லை. எல்லாருக்கும் ராத்திரி பத்து என்றால் அது ஒரே மூச்சில் முடிகிறது.

ஆனாலும் கேட்கிறேன். ராத்திரி பத்து என்பதைக் கடிகார விதியாக வைத்துக்கொள்ளாமல், ஆஞ்சியோ நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை போதும். உணவு எத்தனை மணி வரை, தண்ணீர் எத்தனை மணி வரை, எந்த மாத்திரை போடலாம், எது கூடாது. தமிழில், தெலுங்கில், உருதுவில், இந்தியில், வங்காளியில். சாக்பீஸால் எழுதி அழிக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நேரம் மாறும். லிஸ்ட் தள்ளிப்போனால், கேத் லேபிலிருந்து வார்டுக்குப் போன் செய்து "இவருக்கு நாலு மணிக்கு முன்னாடி ஆகாது, தண்ணி கொடுங்க" என்று சொல்வது ஒருவருடைய வேலையாக இருக்கட்டும். எல்லாருடைய வேலை என்று விட்டால் யாரும் செய்யமாட்டார்கள், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். சர்க்கரைக்காரர்களைக் காலை லிஸ்டில் முதலில் போடுங்கள். முடியாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் விரலில் குத்திப் பாருங்கள். அன்றைக்கு அந்தச் சின்னப் பெண் தானாகத் தோன்றிப் பார்த்ததால்தான் என் நைனாவுக்கு மூளை தப்பித்தது.

இதெல்லாம் இன்றைக்கே, ஒரு பைசா செலவில்லாமல் செய்யக்கூடியது. அதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. மரத்துப்போகும் ஊசியோடு மட்டும் செய்கிற ஆஞ்சியோவுக்கும் ஸ்டென்ட்டுக்கும் பட்டினி தேவையா என்பதையே உங்கள் துறைக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். வெளிநாட்டு ஆய்வு நம் ஜனங்களுக்குப் பொருந்துமா என்று சந்தேகம் இருந்தால் இங்கேயே சோதித்துப் பாருங்கள். ஒரு கட்டில் போட்ட சின்ன மருத்துவமனையாக 1900-ல் தொடங்கிய சி.எம்.சி. கல்லூரியாகவும் ஆராய்ச்சிக்குப் பேர் போன இடமாகவும் வளர்ந்த ஊர் இது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இட்லி சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்க நம்மிடம் ஆளுக்கும் பஞ்சமில்லை, இட்லிக்கும் பஞ்சமில்லை.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு நீங்களாகவே தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கு என்ன செய்யப்போகிறார்கள், எவ்வளவு மயக்கம் கொடுப்பார்கள் என்பது டாக்டருக்குத்தான் தெரியும். ஆனால் கேளுங்கள். "சிஸ்டர், தண்ணி எத்தனை மணி வரைக்கும் குடிக்கலாம்? சுகர் மாத்திரை போடணுமா?" என்று கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. நான் அன்றைக்கு நேரத்தைப் பற்றி ஐந்து தரம் கேட்டேன், தண்ணீரைப் பற்றி ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

நைனாவுக்கு இன்னொரு குழாயில் அடைப்பு மீதி இருக்கிறது. மருந்திலேயே பார்க்கலாம் என்று இத்தனை நாள் ஓட்டினார்கள். வருகிற மாதம் அதற்கும் ஸ்டென்ட் வைக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். வலிக்குமே என்றோ செலவாகுமே என்றோ அவர் கேட்கவில்லை. "அன்னைக்கு மாதிரி தண்ணி குடுக்க மாட்டாங்களாம்மா?" என்று மட்டும் கேட்கிறார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தேதி எழுதிய சீட்டில் கீழே இடம் இருக்கிறது. காலையில் எத்தனை மணி வரை சாப்பிடலாம், எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம் என்று அதில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு தறிக்காரர் மகள்,
குடியாத்தம்